கல்மரத்தின் வயதை எண்ணியவர் யார்?

பெரம்பலூர் மாவட்டத்து ஆலத்தூர் வட்டத்தில், மானாவாரிக் காடுகளும் கருவேலம் புதர்களும் மாறி மாறி வரும் பாதையின் முடிவில், சாத்தனூர் என்னும் சிற்றூரை அடுத்து, கல்லாகிப்போன மரம் ஒன்று நெடுஞ்சாண்கிடையாகப் படுத்துக் கிடக்கிறது. 18 மீட்டருக்கு மேல் நீளமுள்ள அந்த அடிமரத்தை 1940ஆம் ஆண்டில் கண்டறிந்து உலகுக்குச் சொன்னவர், தஞ்சை மாவட்டத்தில் பிறந்து, பின்னாளில் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் முதல் இந்திய இயக்குநராக உயர்ந்த டாக்டர் எம். எஸ். கிருஷ்ணன் ஆவார். அம்மரம் 12 கோடி ஆண்டுப் பழமையுடையது என்பது பொதுவாக வழங்கும் கணக்கு. ஒரு மாசி மாதத்து மாலையில் அதன் அருகே நான் நின்றிருந்தபோது, ஆடுகளை ஓட்டிக்கொண்டு அவ்வழியே வந்த பெரியவர் ஒருவர், சற்று நின்று, கம்பை ஊன்றிக்கொண்டு, “ஏங்க சார், பன்னெண்டு கோடி வருசம்னு சொல்றாங்களே, அதை எண்ணுனது யாருங்க?” என்று கேட்டார்.

“நிலத்தை ஆராயறவங்க கணக்குப் போட்டுச் சொல்றாங்கய்யா” என்றேன்.

“அவங்க பாத்தாங்களா?”

“பாக்கலை.”

“அப்ப நம்ப வேண்டியதுதான்” என்று சொல்லிவிட்டு, வேலியோரம் மேயப் போன ஆட்டை அதட்டிக்கொண்டே அவர் போய்விட்டார். அந்தச் சொற்களில் ஏளனம் இல்லை. ஐயனாரைப் பற்றிச் சொல்லியிருந்தாலும் அதே குரலில்தான் சொல்லியிருப்பார். எனக்குத்தான் அது நெடுநாள் உறுத்திக்கொண்டிருந்தது. ஏனெனில் அவர் கேட்டது, விஞ்ஞானத்தின் அஸ்திவாரத்தைத் தோண்டிப் பார்த்த தத்துவ அறிஞர்கள் எல்லாரும் ஏதோ ஒரு பாஷையில் கேட்ட கேள்வியே: பார்க்காததைப் பற்றிச் சொல்லும் அறிவும் முடிவில் நம்பிக்கைதானா? அப்படியானால் கோயிலுக்குப் போகிறவனுக்கும் ஆராய்ச்சிச்சாலைக்குப் போகிறவனுக்கும் என்ன வேற்றுமை?

கேள்வியின் சிக்கலில் பாதி, நம்பிக்கை என்ற சொல்லிலேயே இருக்கிறது. வங்கியில் பணம் போடுகிறவனும், குலதெய்வத்துக்கு முடி நேர்ந்துகொள்கிறவளும், மழை வருமென்று புழுதியில் விதைக்கிறவனும், ஊரைவிட்டுப் போன மகன் திரும்புவான் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பவளும் தமிழில் ஒரே சொல்லைத்தான் பயன்படுத்துகிறார்கள். விசுவாசம், சிரத்தை, பக்தி, துணிபு என்று நம் முன்னோர் தனித்தனியே பிரித்து வைத்திருந்தவற்றை எல்லாம் நாம் ஒரே சாக்கில் கொட்டிவிட்டோம். திருக்குறளில், அரசன் தன் ஊழியரை ஆராய்ந்து நம்புவதைப் பற்றிய அதிகாரத்துக்குத் ‘தெரிந்து தெளிதல்’ என்று பெயர். தெளிதல் என்றால் அங்கே நம்புதல். ஆராயாமல் நம்புவதும், ஆராய்ந்து நம்பியபின் ஐயப்படுவதும் ஆகிய இரண்டுமே தீராத துன்பம் தரும் என்பது அங்கே வள்ளுவர் கருத்து. விஞ்ஞானம் இவற்றுள் முன்னதை ஒப்புக்கொள்கிறது. பின்னதையோ, அதாவது ஆராய்ந்து நம்பியபின்னும் ஐயப்படுவதை, துன்பம் என்று தெரிந்தே தனது தொழிலாக வைத்துக்கொண்டிருக்கிறது.

அந்தப் பெரியவருக்கு நான் சொல்லத் தவறிய விடையை இப்போது சொல்லிப் பார்க்கிறேன். சாத்தனூர் மரத்தில் வயது எழுதியிருக்கவில்லை. மரம் கிடக்கும் அந்தப் படிவுகள் ஒரு காலத்தில் கடலடி. மரம் எங்கிருந்தோ மிதந்து வந்து, நீர் உறிஞ்சிக் கனத்து அமிழ்ந்து, மண்ணில் புதைந்து, அணு அணுவாகச் சிலிகாவுக்குத் தன் இடத்தைக் கொடுத்துவிட்டது. அதே வட்டாரத்துப் பாறைகளில், காரையிலும் கருடமங்கலத்திலும் ஊட்டத்தூரிலும், அம்மோனைட் என்னும் சுருண்ட ஓட்டுப் பிராணிகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. 1840களில் கேயும் கன்லிஃபும் இப்பகுதியில் திரட்டிய சிப்பிகளை எட்வர்ட் ஃபோர்ப்ஸ் இங்கிலாந்தில் இருந்துகொண்டு ஆராய்ந்தார். ஹென்றி பிளான்ஃபோர்டு இந்நிலத்தை நடந்தே அளந்து, ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று பாறைகளை மூன்று தொகுதிகளாக வகுத்து 1862இல் வெளியிட்டார். மொராவியாவிலிருந்து வந்த ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா, இங்குள்ள சிப்பி, நத்தை, அம்மோனைட்டுகளைப் பெரிய பெரிய தொகுதிகளாக வருணித்து எழுதி, ஐரோப்பியக் கடற்படிவுகளில் உள்ளவற்றோடு ஒப்பிட்டார். அவர் 1874இல் லடாக்கின் மலைப்பாதையில் உயிர் நீத்தார். இவர்களுள் யாருக்கும் ஆண்டுக் கணக்கு தெரியாது. எது மூத்தது, எது இளையது என்ற வரிசை மட்டுமே தெரியும்.

ஆண்டுக் கணக்கு வேறெங்கிருந்தோ வந்தது. அதே காலத்து அம்மோனைட் வரிசைகள் வட அமெரிக்காவில், எரிமலைச் சாம்பல் அடுக்குகளுக்கு இடையே கிடக்கின்றன. அச்சாம்பலின் படிகங்களுக்குள் சிதைந்துகொண்டே வரும் தனிமங்கள் உண்டு. எவ்வளவு சிதைந்திருக்கிறது என்று அளந்தால், சாம்பல் விழுந்து எத்தனை காலம் ஆயிற்று என்று தெரியும். ஆக, சாத்தனூர் மரத்தின் வயது என்பது, மரத்திலிருந்து பாறைக்கும், பாறையிலிருந்து அம்மோனைட்டுக்கும், அம்மோனைட்டிலிருந்து கடல் கடந்த சாம்பலுக்கும், சாம்பலிலிருந்து ஓர் அளவுக்கருவிக்கும், கருவியிலிருந்து அதைச் செய்தவனின் நேர்மைக்குமாக நீளும் ஒரு சங்கிலி. இச்சங்கிலியின் எல்லாக் கண்ணிகளையும் தன் கையாலேயே தட்டிப் பார்த்த மனிதன் ஒருவன்கூட இல்லை. அம்மோனைட்டை அறிந்தவன் படிக அளவையை நம்புகிறான். படிகத்தை அளப்பவன் அம்மோனைட்டை அறிந்தவனை நம்புகிறான். எண்ணிக்கையிலும் எல்லாரும் ஒரே குரலில் பேசுவதில்லை. மரம் கிடக்கும் பாறைத் தொகுதிக்கு 9 கோடி ஆண்டையொட்டி வயது சொல்வோரும் உண்டு. ஆட்டுக்காரர் சொன்னது பொய்யன்று. இங்கே நம்பிக்கை இருக்கிறது. கொஞ்சநஞ்சமல்ல, நிறையவே இருக்கிறது.

நம் தேசத்துத் தர்க்க நூலோர் இதைக் கேட்டு வியந்திருக்க மாட்டார்கள். பிரத்தியட்சம், அனுமானம், சப்தம் என்றும், தமிழில் காண்டல், கருதல், உரை என்றும் அறிவின் வாயில்களை எண்ணும்போதே, நம்பத்தக்கவனின் சொல்லை அவர்கள் ஒரு பிரமாணமாக வைத்துவிட்டார்கள். விஷயத்தை நேரே அறிந்தவனாகவும், அறிந்ததை உள்ளபடி சொல்லும் விருப்பமுடையவனாகவும் இருப்பவனுக்கு ஆப்தன் என்று நியாய மரபினரான நையாயிகர் பெயரிட்டனர். அவன் ரிஷியாகவும் இருக்கலாம், ஆட்டுக்காரராகவும் இருக்கலாம். பிறப்பு அங்கே கேள்வியல்ல.

ஆனால் அதைவிடக் கூர்மையான ஆட்சேபம் ஒன்று உண்டு. சாட்சிகள் அனைவரும் யோக்கியர்களாகவே இருக்கட்டும். யுரேனியம் இன்று சிதையும் வேகத்தில்தான் அன்றும் சிதைந்தது என்பதற்கு என்ன ஆதாரம்? யுரேனியத்தின் பாதி சிதைய 447 கோடி ஆண்டு ஆகும் என்கிறார்கள். யாரும் காத்திருந்து பார்க்கவில்லை, பார்க்க வேண்டியதுமில்லை. ஒரு கிராம் யுரேனியத்தில் வினாடிக்கு ஏறத்தாழ 12,000 அணுக்கள் சிதைவதை ஒரு பிற்பகலில் எண்ணிவிடலாம்; களஞ்சியத்து நெல் எவ்வளவு, நாளுக்கு எத்தனை மரக்கால் எடுக்கிறோம் என்று தெரிந்தால், அது எப்போது பாதியாகும் என்று கணக்கிட முடிவதைப் போலத்தான் இதுவும். எனினும், இனியும் முன்பும் இப்படியே என்று சொல்வது கண்டதல்ல, கருதியது. ஸ்காட்லாந்துக்காரரான டேவிட் ஹியூம் 18ஆம் நூற்றாண்டில் கைவைத்த இடம் இதுவே: இதுவரை நடந்தது இனியும் நடக்கும் என்பதை, இதுவரை நடந்ததைக் காட்டியே நிரூபிப்பது சுழல் வாதம் அல்லவா என்றார் அவர். அவருக்குப் பல நூற்றாண்டு முன்பே நம் உலகாயதர் அதே இடத்தில் நின்றார்கள். அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் பிற மதங்களை மறுக்கத் தொடங்கும்போது முதலில் எதிர்கொள்வது காட்சி ஒன்றே பிரமாணம் என்ற அந்த உலகாயதனைத்தான்.

இதற்கு உதயணர் என்னும் நையாயிகர் சொன்ன விடை எனக்கு மிகவும் பிடித்தமானது. புகைக்கும் நெருப்புக்கும் உள்ள தொடர்பைச் சந்தேகிப்பவனே, உனக்குப் புகை வேண்டுமென்றால் நீ எதைத் தேடி ஓடுகிறாய் என்று அவர் கேட்கிறார். தன் செய்கையே தன்னை மறுக்கும் எல்லைவரைதான் சந்தேகம் செல்லும் என்பது அவர் கட்சி. பின்னாளில் ஸ்ரீஹர்ஷர் வந்து, அதே சொற்களைத் திருப்பிப் போட்டு, முரண் என்று ஒன்று இருந்தால் சந்தேகமும் உயிரோடிருக்கிறது என்றுதானே பொருள் என்று மடக்கிவிட்டார். வாதம் அங்கே முடியவில்லை, இன்றும் முடிந்தபாடில்லை. ஹியூம் காட்டிய ஓட்டையை யாரும் முற்ற அடைக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்வதே நேர்மை.

அடைக்க முடியாத ஓட்டையைச் சுற்றி விஞ்ஞானிகள் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை என்பதுதான் கவனிக்கத்தக்கது. 1972இல் ஆப்பிரிக்காவின் காபோன் நாட்டில், ஓக்லோ என்னுமிடத்துச் சுரங்கத்தில், சுமார் 200 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்தடியில் தானாகவே எரிந்து அடங்கிய அணு உலையின் மிச்சம் அகப்பட்டது. அந்தச் சாம்பலில் எந்தெந்தத் தனிமம் என்ன விகிதத்தில் இருக்கிறது என்று பார்த்தால், அணுக்களின் நடத்தை அன்றும் ஏறக்குறைய இன்று போலவே இருந்தது என்று தெரிகிறது. 1987இல் தென் வானத்தில் ஒரு நட்சத்திரம் வெடிக்கக் கண்டார்கள்; அதன் ஒளி நம்மை வந்தடைய 1,68,000 ஆண்டு ஆகியிருந்தது; அதில் பிறந்த கோபால்ட், இங்கே ஆராய்ச்சிச்சாலையில் சிதையும் அதே 77 நாள் கணக்கில் பாதி பாதியாகத் தேய்ந்து மங்கிற்று.

எல்லாவற்றிலும் அழகிய சாட்சி ஒரு சிப்பி. அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சியின் சுண்ணாம்புக்கல்லில் கிடக்கும் சிப்பிகள் வாழ்ந்த அதே யுகத்தில், சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன், ஓமன் நாட்டுக் கடலில் வாழ்ந்த ஒரு சிப்பியின் ஓட்டை 2020இல் ஆராய்ந்தார்கள். மரத்துக்கு ஆண்டு வளையம் போல அதற்கு நாள் வளையம் உண்டு. எண்ணிப் பார்த்தபோது ஓராண்டுக்கு 372 நாள் இருந்தது. சந்திரனின் இழுப்பால் பூமியின் சுழற்சி மெல்ல மெல்லத் தளர்ந்து வருகிறது, ஆகவே பண்டைக் காலத்தில் நாள் குறுகியும் ஆண்டில் நாட்கள் மிகுந்தும் இருந்திருக்க வேண்டும் என்று வான சாஸ்திரிகள் முன்னமே கணித்திருந்தார்கள். சிப்பிக்கு யுரேனியம் தெரியாது. யுரேனியத்துக்குச் சந்திரன் தெரியாது. ஒருவரையொருவர் அறியாத மூன்று சாட்சிகள், தனித்தனி அறைகளில் விசாரிக்கப்பட்டு, ஒரே வாக்குமூலத்தைக் கொடுத்தால் எந்த நீதிபதியும் நிமிர்ந்து உட்காருவார். ஹியூம் உட்காரமாட்டார் என்பது உண்மைதான். ஆயினும் ஹியூமும் மாலையில் நண்பர்களோடு சாப்பிடப் போகிறவர்தாம்.

இதுவரை சொன்னதில் ஒரு நிபந்தனை மறைந்திருக்கிறது. சந்தேகம் வந்தால் திரும்பிப் போய்ப் பார்க்கச் சிப்பி இருக்க வேண்டும், சாம்பல் இருக்க வேண்டும், கல் இருக்க வேண்டும். அவை இல்லாமற்போனால் என்ன ஆகும் என்பதற்கு அரியலூர்ச் சீமையிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. உலகில் இதைவிடத் தெளிவான உதாரணத்தை நான் அறியேன்.

கல்லமேடு என்பது அரியலூர் மாவட்டத்து ஊர். அங்குள்ள மணற்பாங்கான படிவுகளிலிருந்து, நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த யாதகிரியும் அய்யாசாமியும் பெரும் எலும்புகள் சிலவற்றைக் கண்டெடுத்து, 1980களின் பிற்பகுதியில் ஒரு கட்டுரையில் விவரித்தார்கள். முழங்காலுக்குக் கீழுள்ள ஓர் எலும்பு மட்டும் 2 மீட்டர் நீளம். அர்ஜென்டினாவில் கிடைத்த ராட்சத டைனோசருக்கே அந்த எலும்பு ஒன்றரை மீட்டரைச் சற்றுத்தான் தாண்டும். பெரும் உடலுடையது என்ற பொருள்பட, ‘பிருஹத்காயம்’ என்னும் வடசொல்லைக் கொண்டு பிருஹத்காயோசாரஸ் என்று அதற்குப் பெயரிட்டார்கள். அவர்கள் முதலில் அதை ஊனுண்ணும் இனம் என்று எண்ணினார்கள். பின்வந்தோர், இல்லை, அது நெடுங்கழுத்துத் தழையுண்ணி என்றார்கள். அது எலும்பே அல்ல, சாத்தனூரில் கிடப்பது போன்ற கல்மரமாக இருக்கலாம் என்று சந்தேகித்தவர்களும் இருந்தார்கள். சந்தேகத்தைத் தீர்க்க எளிய வழி, எலும்பைப் போய்ப் பார்ப்பதுதான்.

எலும்பு இல்லை. நொறுங்கும் தன்மையுடைய மண்ணில், நீர்ப்பதத்தில் கிடந்த அவை, சுண்ணக் கட்டுப்போட்டு எடுத்தபோதே உள்ளே உதிரத் தொடங்கிவிட்டன. இறுதியில் தூளாகி ஒழிந்தன என்ற செய்தி 2017இல்தான் அச்சில் வந்தது. கட்டுரையிலிருந்த கோட்டுச் சித்திரங்களே நெடுங்காலம் எஞ்சிய சாட்சி. 2022இல், தோண்டியபோது எடுத்த பழைய நிழற்படங்கள் வெளியாயின. அவற்றைப் பார்த்த பலர் அது எலும்பே என்று இணங்கினார்கள். அடுத்த ஆண்டு இருவர் கணக்கிட்டு, அப்பிராணியின் எடை 110 முதல் 170 டன் வரை இருக்கலாம் என்றார்கள். நிலத்தில் நடந்தவற்றுள் மிகப் பெரியது நம் அரியலூரில் நடந்தது என்று சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் அந்த வாக்கியத்தை எழுத எழுத்தாளன் கை கூசுகிறது. விஞ்ஞானியின் கையும் கூசவேண்டும், கூசுகிறது. ‘இருக்கலாம்’ என்ற சொல் இல்லாமல் இந்தப் பிராணியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கண்டவர்களின் நேர்மையை ஒருவரும் குறைகூறவில்லை, அவர்கள் ஆப்தர்களே. ஆயினும், மறுபடி போய்ப் பார்க்க முடியாத ஆப்தவாக்கியத்துக்கு இந்தச் சபையில் அரையாசனம்தான். ஏழாண்டு முன் இறந்த தாத்தா வாங்கிக் கொடுத்த கடனுக்குப் பத்திரம் தொலைந்துவிட்டால், ஊர்ப் பெரியவர்கள் என்ன முகத்தோடு கேட்பார்களோ, அந்த முகத்தோடு விஞ்ஞான உலகம் கல்லமேட்டு எலும்பைக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

யாதகிரியும் அய்யாசாமியும் அதற்கு முன்பே, 1979இல், அரியலூர்ப் பகுதியிலிருந்து இன்னொரு பிராணியை, முதுகில் பலகைகள் நிற்கும் டைனோசர் என்று கருதி, திராவிடோசாரஸ் என்று பெயரிட்டு அறிவித்திருந்தார்கள். பெயரைக் கேட்டாலே தமிழன் மனம் குளிரும். 1996இல் சங்கர் சாட்டர்ஜியும் ருத்ராவும், களத்தையும் படிவங்களையும் பார்த்து, இது டைனோசரன்று, பிளீசியோசார் என்னும் கடல்வாழ் ஊர்வனவற்றின் எலும்பு என்று எழுதினார்கள். பெயரின் மகிமைக்காக யாரும் தயவு காட்டவில்லை. சென்ற தலைமுறை நம்பியதை இந்தத் தலைமுறை, அதே கல்லைக் காட்டி, கேள்விக்குள்ளாக்கிவிட்டது.

பக்தனுடைய நிலை வேறு. நேர்ந்துகொண்டது நடக்கவில்லை என்பதற்காக அவன் சாமியை மாற்றிக்கொள்வதில்லை. மாற்றிக்கொள்ளாததே அவன் பெருமை. அதே உறுதி ஆராய்ச்சியாளனிடம் இருந்தால் அது பிடிவாதம் எனப்படும். இரண்டையும் நம்பிக்கை என்றே சொல்லுங்கள், ஆட்சேபமில்லை. ஒன்று உறவு, மற்றது கைமாற்று என்பதை மட்டும் மறக்கலாகாது. விஞ்ஞானிகளும் மனிதர்களாகையால் கைமாற்றை உறவாக்கிக்கொள்வதும் உண்டு. இந்தியா தெற்கேயிருந்த கண்டங்களிலிருந்து பிரிந்து நகர்ந்த கதையைச் சொல்லாமல் அரியலூர்க் கடல் எப்படி வந்தது என்று இன்று யாரும் விளக்கமாட்டார்கள். ஆனால் கண்டங்கள் நகர்கின்றன என்று 1912இல் வேகனர் சொன்னபோது பண்டிதர்கள் நகைத்தார்கள். அது பொதுவாக ஏற்கப்பட அரை நூற்றாண்டு பிடித்தது.

சாமானிய ஜனங்கள் மட்டுமே எதையும் நம்பிவிடுகிறார்கள் என்று பட்டணத்தார் நினைத்துக்கொள்வதற்கும் இந்தச் சீமை ஒரு பாடம் வைத்திருக்கிறது. 2020 அக்டோபரில், பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் ஒரு குளத்தில் மண் எடுத்தபோது, பெரிய பெரிய உருண்டைக் கற்கள் வெளிப்பட்டன. டைனோசர் முட்டைகள் என்று கைப்பேசிகளில் செய்தி பறந்தது. படித்தவர்களே அதிகம் பரப்பினார்கள். 2009இல் செந்துறை அருகே முட்டைகள் கிடைத்ததாக வந்த செய்தியால் எல்லார் மனமும் பக்குவப்பட்டிருந்தது. நிலவியலார் வந்து பார்த்து, இவை அம்மோனைட் போன்ற கடற்பிராணிகளைச் சுற்றிச் சுண்ணமும் களிமண்ணும் திரண்டு இறுகிய உருண்டைகளே என்றார்கள். முட்டையானால் மெல்லிய ஓடும், அதில் மூச்சு விடும் நுண்துளைகளும் இருக்க வேண்டும். திரண்ட கல்லானால் நடுவிலிருந்து வெளியே அடுக்கடுக்காக வளர்ந்திருக்கும். டைனோசர் என்ற சொல் விஞ்ஞானத்துடையது என்பதால், அதை நம்பியது விஞ்ஞானமாகிவிடவில்லை. நத்தைக் கல்லைச் சாளக்கிராமம் என்று பூஜையில் வைக்கும் வைணவர், நேபாளத்துக் கண்டகி நதியிலிருந்து வந்த அந்த அம்மோனைட்டைப் பற்றி நிலவியலாரோடு வழக்குக்கு வருவதில்லை. அவருக்கு வேண்டியது அதன் வயதன்று. குன்னத்து முட்டையை நம்பியவர்களோ வழக்குக்கு வந்து தோற்றவர்கள்.

கல்லங்குறிச்சியில் இந்த இரண்டு விதக் கற்களும் அருகருகே இருக்கின்றன. அங்கே கலியுக வரதராஜப் பெருமாள் கோயிலில் மூலவர் ஒரு கம்பம். கல் கம்பமாகவே நின்று அருள்பாலிக்கிறார். சுற்றுப்புறத்து விவசாயிகள் அறுவடைத் தானியத்தைக் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். அந்தக் கல் ஒருநாளும் சுரங்கத்துக்குப் போகாது. ஊரின் மறுபுறம் சுண்ணாம்புக்கல் சுரங்கம். 7 கோடி ஆண்டாக ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கிடந்த சிப்பிகள், வெடிவைத்துப் பெயர்க்கப்பட்டு, லாரி லாரியாக ஆலைகளுக்குச் செல்கின்றன. நாம் குடியிருக்கும் வீடுகளின் சுவரில் அவை பொடியாகக் கலந்திருக்கின்றன. நானும் அந்தச் சிமெண்டில் கட்டிய வீட்டில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். ஓமன் சிப்பியின் நாள் வளையங்களை எண்ணியது போலக் கல்லங்குறிச்சிச் சிப்பியின் வளையங்களையும் எண்ணிப் பார்க்க ஒருவன் நாளை வரக்கூடும். அவனுக்குக் காட்ட, அரியலூர் மாவட்டத்து வாரணவாசிப் புதைபடிவ அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பேழைகளில் சில எடுத்து வைத்திருக்கிறார்கள்.